மறு: மண்ணில் வெப்பம் இறங்கும் வேகம் – ‘டிஃப்யூசிவிட்டி’க்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பொருளுக்குள் வெப்பநிலை மாற்றம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைக் காட்டும் ‘டிஃப்யூசிவிட்டி’ (diffusivity) என்ற அளவுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதையும் ‘வெப்பக் கடத்துதிறன்’ (conductivity) என்றே எழுதிவிடலாம் என்று முந்தைய மடல் சொல்கிறது. தயவுசெய்து வேண்டாம். இரும்பின் கடத்துதிறன் காற்றினுடையதைப்போல் ஏறத்தாழ 3000 மடங்கு. நாம் பெயர் தேடும் அளவோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே: விநாடிக்குச் சுமார் 20 சதுர மில்லிமீட்டர். காற்று வெப்பத்தைக் கடத்துவது குறைவு. ஒரே கன அளவில் பார்த்தால், அது சூடேறத் தேவைப்படும் வெப்பமும் அதே அளவுக்குச் சொற்பம். அதனால் வெப்பநிலை மாற்றம் இரும்பில் போலவே விரைந்து உள்ளே செல்கிறது. கடத்துதிறனை அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம்) வகுத்துக் கிடைப்பது வேறொரு பண்பு. அதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

ஸ்காட்லாந்தில், எடின்பரோவின் கால்டன் குன்றில் 1837 முதல் இயற்பியலாளர் ஃபோர்ப்ஸ் வெப்பமானிகளைப் புதைத்து அளந்தார். 24 பிரெஞ்சு அடி, அதாவது சுமார் 7.8 மீட்டர் ஆழத்தில், கோடையின் உச்சம் ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது! அந்தத் தாமதத்தையும் ஆழத்தோடு ஏற்ற இறக்கம் தேய்வதையும் வைத்தே இயற்பியலாளர் கெல்வின் அந்தப் பாறைக்கு இந்த அளவைக் கணக்கிட்டார்.

இதற்கு ‘சுவறல்’ (உள்ளே உறிஞ்சப்படுதல்) அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் சுவறிய நீர் போனது போனதுதான். பகலில் மண்ணுக்குள் இறங்கிய வெப்பம் இரவில் மேலேறுகிறது. ‘பரவல்’ (distribution என்ற பொருளில்) புள்ளியியலில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘வெப்பநிலைப் பரவல்’ என்றால் எந்த இடத்தில் எவ்வளவு வெப்பநிலை என்றுதான் படிப்பவர் கொள்வார்.

ஆகவே என் முன்மொழிவு: விரவல், விரவுதிறன், வெப்ப விரவுதிறன். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவானதை ‘விரவுப்பெயர்’ என்று இலக்கணம் சொல்லவில்லையா? விரவு என்பது கலத்தல், வெப்பம் எதனோடு கலக்கிறது என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இதன் அலகைப் பாருங்கள்: சதுர மீட்டர், விநாடி, அவ்வளவே. வெப்பத்தின் அலகான ஜூலும் இல்லை, வெப்பநிலையின் அலகான கெல்வினும் இல்லை; விரவுவது வெப்பமானாலும் உப்பானாலும் அலகு ஒன்றே. 1855இல் ஃபிக் என்ற அறிவியலாளர், நீரில் உப்பு விரவுவதற்கு, வெப்பம் கடத்தப்படுவதைப் பற்றிய ஃபூரியேயின் விதியையே முன்மாதிரியாகக் கொண்டார். நீரில் கரையும் மையும் மண்ணில் இறங்கும் வெயிலும் ஒரே சமன்பாட்டுக்கு அடங்கும்போது இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் இருப்பதுதான் முறை.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. அன்றாட வெப்ப அலை, அதாவது மண்ணின் பகல்-இரவு வெப்பநிலை ஏற்ற இறக்கம், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழத்தில் தேய்ந்து, மேற்பரப்பில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டுமே மிஞ்சுகிறது. கோடை-குளிர்கால ஏற்ற இறக்கமான ஆண்டு அலைக்கு அந்த ஆழம் 365இன் வர்க்கமூலம், அதாவது 19 மடங்கு. இந்த ஆழத்தைத் ‘தேய்வு ஆழம்’ எனலாமா? வேளாண் துறையினர் வேறு சொல் புழங்குகிறார்களா?