பதில்: நிரல்மொழிக்குள் தரவை வினவுதல் – சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். தரவைக் கேட்கும் கேள்வியை நிரல்மொழிக்குள்ளேயே எழுதும் வசதிக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். மைக்ரோசாஃப்டின் ‘லிங்க்’ (LINQ – Language Integrated Query) அப்படியொரு வசதி.

> ‘மொழியிணை வினவல்’ என்றே வைத்துவிடலாம். சுருக்கம், மூலப்பெயரின் மூன்று பகுதியும் வந்துவிடுகிறது.

காக்கா, சுருக்கத்தில் மறுப்பில்லை. ‘இணை’தான் இடறுகிறது. மண்டபம் ஊரில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ‘லிங்க்’ என்றதுமே வலைப்பக்கத்தில் அழுத்துகிற லிங்க் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, காதுக்கு இரண்டும் ஒன்று. தமிழ்ப் பெயரிலும் ‘இணை’ இருந்தால் அந்த மயக்கம் தொடரும். தவிர, தனித்தனியாக இருக்கும் இரண்டை ஒட்டுவதுதான் இணைப்பு. இங்கே நடந்தது அதுவல்ல.

கணினி அறிஞர் எட்கர் கோட் (Codd) 1970இல் தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தார். அதை ஒட்டி ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் வெளியிட்ட மொழியிலிருந்து வந்ததுதான், தரவுத்தளத்தைக் கேட்க இன்று பயன்படும் எஸ்க்யூஎல் (SQL). ஒரு நிரலுக்குள்ளிருந்து தரவுத்தளத்தைக் கேட்க, அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் மேற்கோள்குறிக்குள் வெறும் எழுத்துச்சரமாக எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. சரத்துக்குள் இருப்பது, நிரலைச் சரிபார்த்து இயந்திரத்துக்கு மாற்றிக் கொடுக்கும் கம்பைலருக்குத் தெரியாது. ‘விலை’க்குப் பதில் ‘வலை’ என்று அடித்தாலும் விட்டுவிடும். ஓட்டும்போதுதான் பிழை வரும். 2007 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட் 3.5, அதன் நிரல்மொழி சி ஷார்ப் 3.0 இரண்டோடும் லிங்க் வந்தபோது கேள்வியே மொழியின் இலக்கணத்துக்குள் நுழைந்துவிட்டது. இப்போது ‘வலை’ என்று அடித்தால், அப்படியொரு புலம் இல்லை என்று கம்பைலர் அங்கேயே நிறுத்துகிறது. பெயரில் வர வேண்டியது இந்த ‘உள்ளே’தான்.

வகுப்பில் ஒரு ஏலச்சிட்டையை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வரவுக்கும் படகு, மீன், கிலோ, விலை, தேதி. அதில் நகரை மீனின் விலையை மட்டும் கேட்பது இப்படி:

ஃப்ரம் வரவு இன் ஏலச்சிட்டை
வேர் வரவு.மீன் == "நகரை"
செலக்ட் வரவு.விலை

சாவிச்சொற்களை இங்கே தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். கம்பைலருக்கு அவை ஆங்கில எழுத்தில் வேண்டும். வரவு, மீன், விலை போன்ற பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம், சி ஷார்ப் ஏற்றுக்கொள்ளும்.

வரிசையைப் பாருங்கள். எஸ்க்யூஎல்லில் செலக்ட் முதலில் நிற்கும். லிங்க்கில் ஃப்ரம் முன்னால் வந்ததற்குக் காரணம் உண்டு: எதிலிருந்து என்பது முதலில் தெரிந்தால்தான், ‘வரவு’ என்று எழுதிப் புள்ளி வைத்ததும் எடிட்டரால் மீன், கிலோ, விலை என்று எடுத்துக் காட்ட முடியும். அந்த வசதிக்காக வைத்த வரிசை நம் வாக்கியத்தோடு அப்படியே பொருந்துகிறது. ‘ஏலச்சிட்டையிலுள்ள வரவுகளில், மீன் நகரையாக இருப்பவற்றின், விலையை எடு.’ வினை கடைசியில். எஸ்க்யூஎல் நடத்தும்போது, கடைசியில் சொல்வதை முதலில் எழுதுங்கள் என்று புரட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே பிள்ளைகள் வாயால் சொன்னதையே மேலிருந்து கீழாக எழுதிவிடுகிறார்கள். தமிழில் நிரல் கற்பிக்கிறவர்கள் இந்தப் பாடத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்றே சொல்வேன். கலைச்சொல் பதிவிலும் எடுத்துக்காட்டு இந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

> அண்ணே, அப்ப ‘உள்வினவல்’ போதுமே?

போதாது தங்கச்சி. ‘மொத்தச் சராசரியைவிடக் கூடுதல் விலைக்குப் போன வரவுகள்’ என்று கேட்டால், சராசரியைக் கண்டுபிடிக்க ஒரு வினவலுக்குள்ளே இன்னொரு வினவல் வேண்டும். ‘உள்வினவல்’ அதற்குத்தான் பொருந்தும். ‘மொழியக வினவல்’ என்றும் யோசித்தேன். நூலகம், பணியகம் போல மொழியகம் ஒரு நிறுவனமாகக் கேட்கிறது. ‘மொழிவழி’ என்றால் மாநிலப் பிரிவினைதான் நினைவுக்கு வரும். ஆகவே என் முன்மொழிவு: மொழியுள் வினவல்.

> தரவு வெளியே தரவுத்தளத்தில் இருக்கும்போது ‘உள்’ எப்படிச் சரி?

உள்ளே இருப்பது வினவல். தரவு எங்கும் இருக்கலாம். நினைவகத்திலுள்ள பட்டியல் என்றால் அங்கேயே ஓடும். தரவுத்தளம் என்றால், எழுதியதை ஒரு கோவை மரமாக (எக்ஸ்பிரஷன் ட்ரீ – கேள்வியின் உறுப்புகளைக் கிளைகளாகப் பிரித்த வடிவம்) வைத்திருந்து எஸ்க்யூஎல்லாக மொழிபெயர்த்து அனுப்பும். அதனால்தான் நாமே எழுதிய செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை நிபந்தனையில் வைத்தால், பட்டியலில் ஓடுவது தரவுத்தளத்தில் ‘மொழிபெயர்க்க இயலாது’ என்று நின்றுவிடுகிறது. பதிவில் இதையும் சொல்ல வேண்டும்.

‘தேடல்’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். வினவலை விட வேண்டாம். நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. அதில் கொளல் வினா என்பது ஒன்றைப் பெற்றுக்கொள்வதற்காகக் கேட்பது. தரவை வினவுவது முழுக்க அதுதான்.

இன்னொரு சொல்லும் இதோடு முடிவாக வேண்டும். வினவலை எழுதி ஒரு மாறியில் (வேரியபிள்) வைத்த பிறகு, வகுப்பில் ஒரு மாணவி சிட்டையில் புதிதாக ஒரு நகரை வரவைச் சேர்த்தாள். விடையில் அதுவும் வந்தது. வியந்துபோனாள். வலையை விடும்போது அங்கே நின்ற மீன் மட்டுமா இழுக்கும்போது வரும், இடையில் வந்து மாட்டியதும் சேர்ந்துதானே வரும் என்றேன், பட்டென்று பிடித்துக்கொண்டாள். எழுதும்போது வினவல் ஓடுவதில்லை, விடையை எடுக்கும்போதுதான் ஓடுகிறது. ‘டூலிஸ்ட்’ என்று அழைத்தால் அந்த நொடியே ஓடிப் பட்டியலாகிவிடும். இதற்கு ‘ஒத்திவைத்த இயக்கம்’ என்கிறேன். நம் பக்கம் ஒத்தி என்றால் வீட்டு ஒத்தி என்பது தெரியும். ஆனால் வழக்கை ஒத்திவைப்பது எல்லாருக்கும் பழகிய பேச்சு.

(மண்டபம்)

———

தம்பி,

‘லிங்க்’ குழப்பம் எனக்குத் தோன்றவில்லை. ‘மொழியுள்’ளுக்கே நானும் வருகிறேன். ஒன்று மட்டும். இது லிங்க்குக்கு மட்டுமான பெயரா, பொதுப்பெயரா? பைத்தான் மொழியிலும் ஒரே வரியில் பட்டியலை வடிகட்டி எடுக்கிறோம். அங்கே எடுக்க வேண்டியதைத்தான் முதலில் எழுதுகிறோம், உங்கள் வரிசை வாதம் செல்லாது. தரவை ஒவ்வொன்றாக ஓடவிட்டு வடிகட்ட ஜாவா மொழியின் 8ஆம் பதிப்பில் 2014இல் வந்த ஸ்ட்ரீம்கள் எந்தக் கணக்கு?

(கீழக்கரை)

———

காக்கா,

பொதுப்பெயர்தான். லிங்க் அந்தத் தயாரிப்பின் பெயர்; ‘லிங்க்’ என்றே நிற்கட்டும். பைத்தானின் பட்டியல் ஆக்கமும் மொழியின் இலக்கணத்தில் இருப்பதால் இந்தப் பெயருக்குள் வரும். வரிசை, எடுத்துக்காட்டுக்கான வாதம், பெயருக்கானது அல்ல. ஜாவா ஸ்ட்ரீம் நூலகமாக வந்தது, அதற்கென்று இலக்கணத்தில் வினவல் தொடர் எதுவும் சேர்க்கவில்லை. அதை ஒப்புநோக்காக மட்டும் குறிக்கலாம்.

பதிவு இப்படி: ‘மொழியுள் வினவல் – தரவைக் கேட்கும் கேள்வியை நிரல்மொழியின் சொந்தத் தொடராகவே எழுதுவது. தரவு நினைவகத்திலோ வெளியிலோ இருக்கலாம்.’ எதிர்ப்பு இல்லையென்றால் ஏற்றிவிடுகிறேன்.

(மண்டபம்)

———

அண்ணே, ஒரே வகையானதைச் சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கிற ‘குரூப் பை’க்கு இன்னும் சொல் இல்லை. ஏலக்கூடத்துல மீனைக் கூறு போடுறாங்களே, ‘கூறிடு’ன்னு வைக்கலாமா?

(பாம்பன்)

———

தங்கச்சி, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘செயற்கூறு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஒரே பாடத்தில் இரண்டு ‘கூறு’ வரும். தனி இழையாகத் தொடங்கு, நகரையும் காரலும் சூடையும் கலந்த சிட்டை ஒன்றை எடுத்துக்காட்டாகப் போடு. அங்கே பேசுவோம்.

(மண்டபம்)