மாங்கட்டையில் சிவப்புக் காளான்: சரியான பெயர் எது?

உப்புவெளியான்:
காற்றுக்கு விழுந்த மாமரத்தைத் தறித்து வளவு மூலையில் போட்டிருந்தோம். மாரி மழை விட்டு வெயில் பிடித்ததும் கட்டை முழுக்கச் செம்மஞ்சள் நிறத்தில் தட்டுத் தட்டாகக் காளான். மெல்லியதுதான், ஆனால் தோல் செருப்பு மாதிரி இறுக்கம். ஓரிடத்தில் பிக்னோபோரஸ் சாங்குனியஸ் என்றும் இன்னோரிடத்தில் டிராமெடீஸ் சாங்குனியா என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு இனமா? பக்கத்தில் நிற்கிற நல்ல மாமரத்துக்குப் பரவுமா என்று அம்மம்மாவுக்குக் கவலை.

மூதூர்ப்பிள்ளை:
எங்கள் வேலியில் செத்துப்போன கதியாலிலும் இதே காளான்தான். கறிக்கு ஆகாது, அவித்தாலும் மெல்ல முடியாத தக்கை. சின்னப் பிள்ளைகள் நிறத்தைப் பார்த்து வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுத்தடி:
இரண்டும் ஒரே இனம்தான். லின்னேயஸ் 1763இல் இதற்கு போலிட்டஸ் சாங்குனியஸ் என்று பெயர் வைத்தார், அப்போது அடியில் துளை இருந்த காளான் எல்லாம் போலிட்டஸ்தான். சாங்குனியஸ் என்றால் இரத்த நிறம். பிறகு பின்லாந்துக்காரர் கார்ஸ்டன் 1881இல் பிக்னோபோரஸ் என்ற பேரினத்தை உண்டாக்க, 1904இல் மரில் என்ற அமெரிக்கக் காளான் ஆய்வாளர் இதை அதற்குள் கொண்டுபோனார். 2011இல் ஜஸ்டோ, ஹிபெட் என்ற காளான் ஆய்வாளர்கள் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது இந்தச் சிவப்புக் கூட்டம் டிராமெடீஸ் என்ற இன்னொரு பேரினத்தின் கிளைக்குள்ளேயே வந்து நின்றது, அதனால் தனிப் பேரினம் தேவையில்லை என்றார்கள். ஆனால் டிராமெடீஸ் சாங்குனியா புதுப்பெயர் இல்லை, லாயிட் என்ற காளான் ஆய்வாளர் 1924இலேயே அப்படி எழுதிவிட்டார். லத்தீன் இலக்கணப்படி டிராமெடீஸ் பெண்பாற் சொல், அதனால்தான் கடைசியில் 'யஸ்' போய் 'யா' வந்தது. பிக்னோபோரஸ் என்றே எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். எப்படி எழுதினாலும் குடும்பம் பாலிபோரேசியேதான்.

அம்மம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இது பெரும்பாலும் செத்த மரத்தில், அதுவும் வெயில் படுகிற கட்டையில்தான் வரும். மரத்துக்கு வைரம் தருகிற லிக்னினை லாக்கேஸ் என்ற நொதியால் உடைக்கும், மிஞ்சுவது வெளிறிப்போய் நார் நாராக இருக்கும், அதைத்தான் வெள்ளை உக்கல் என்கிறோம். நல்ல மரத்தில் பட்ட கொப்பு இருந்தால் மட்டும் வெட்டிவிடுங்கள்.

ஒன்றைப் பிய்த்து அடிப்பக்கம் பார்த்தீர்களா? மேலே வெயிலில் வெளுத்தாலும் துளைப்பக்கத்தில் சிவப்பு நிற்கும்.

உப்புவெளியான்:
இப்போதுதான் பார்த்தேன் அண்ணா, மேலே மங்கிப்போனதுகூட அடியில் குங்குமம் மாதிரி இருக்கிறது. கத்தியால் குத்தினால் கட்டையும் உள்ளே வெள்ளையாக உதிர்கிறது. விறகுக்கு என்று வைத்தது, சரி, அப்படியே உக்கட்டும்.