கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்கிறார்கள், நம்பலாமா?

தூக்கம்போனவன்:
மூன்று கிரெடிட் கார்டு, ஒரு பெர்சனல் லோன். போன வருஷம் வேலை போய் ஐந்து மாதம் சும்மா இருந்ததில் எல்லாம் குவிந்துவிட்டது. இப்போது வேலை இருக்கிறது, ஆனால் சம்பளம் வந்த மூன்றாம் நாளே மினிமம் ட்யூ (கார்டுக்கு மாதம் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) கட்டிக் கை காலி. ஒரு விளம்பரத்தைப் பார்த்து நம்பரைக் கொடுத்துத் தொலைத்தேன், அன்றிலிருந்து தினமும் இரண்டு கால். இனி வங்கிக்கு எதுவும் கட்டாதீர்கள், அவர்கள் போனையும் எடுக்காதீர்கள், அந்தப் பணத்தை மாதாமாதம் எங்களிடம் போடுங்கள், இரண்டு வருஷத்தில் கடனைப் பாதியில் முடித்து கிரெடிட் ஸ்கோரையும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண்) ஏற்றித் தருகிறோம் என்கிறார்கள். சேரும்போது ஒரு கட்டணம், அப்புறம் மாதக் கட்டணம் தனி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் பயமாகவும் இருக்கிறது. யாராவது இப்படிச் சேர்ந்திருக்கிறீர்களா? நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பழைய வசூல்காரன்:
தம்பி, ஆறு வருஷம் கார்டு வசூலில் இருந்தவன் நான், அதாவது உங்களுக்கு போன் போடுகிற ஆள். சேராதீங்க. கணக்கை மட்டும் பாருங்கள். கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருஷத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். எதுவும் கட்டாமல் 24 மாதம் விட்டால் 100 என்பது 203 ஆகியிருக்கும். அதில் பாதிக்கு முடித்தால் முதலில் இருந்த அதே கடன்தான் கையில் நிற்கும், அதற்கு மேல் தாமத அபராதம், அதற்கும் மேல் அவர்கள் கட்டணம். பாதியாக்கினோம் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை, எதில் பாதி என்பதைத்தான் வாய் திறக்க மாட்டார்கள். நடுவில் வங்கி கோர்ட்டுக்குப் போனால் தடுக்கவும் அவர்களால் முடியாது, சம்மன் உங்கள் பேருக்குத்தான் வரும்.

போனை எடுக்காதவர் ஃபைல் எங்களிடமிருந்து வெளி ஏஜென்சிக்குப் போய்விடும், அங்கே பேச்சே வேறு மாதிரி இருக்கும். தானே கூப்பிட்டு, வேலை போயிடுச்சு, மாதம் இவ்வளவுதான் முடியும் என்று சொல்கிறவர்களைக் கவனிக்க எங்கள் மாடியிலேயே நாலு பேர் தனியாக உட்கார்ந்திருந்தார்கள், வட்டியைக் குறைத்துத் தவணையாக மாற்றித்தர அவர்களுக்கு அனுமதி உண்டு. இதை யாரும் விளம்பரம் பண்ணுவதில்லை, அவ்வளவுதான்.

எழுந்துவந்தவள்:
நான் ஸ்கோரைச் சரிசெய்கிறோம் என்ற ஒரு இடத்தில் முன்பணம் கட்டி ஏமாந்தவள். அவர்கள் செய்தது, என் கடன் அறிக்கையில் (கடன் வாங்கிக் கட்டிய வரலாறு பதிவாகும் கிரெடிட் ரிப்போர்ட்) பாதகமாக இருந்த எல்லா வரிக்கும் 'இது தவறு' என்று ஒரே மாதிரி கடிதம் அனுப்பியது. இரண்டு வரி மறைந்தது, குதித்தேன், அடுத்த அறிக்கையில் இரண்டும் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன. ஏனென்றால் நான் தவணை தவறியது உண்மை. உண்மையான பதிவை யாராலும் காசு வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது, காலம் போனால்தான் அது அறிக்கையிலிருந்து நீங்கும். நிஜமாகவே தப்பான பதிவு இருந்தால் (எனக்கு ஒன்று இருந்தது, முடித்த கடனைப் பாக்கி என்று போட்டிருந்தார்கள்) நீங்களே ரசீதோடு எழுதினால் போதும், எனக்கு ஒரு பைசா செலவாகவில்லை. அமெரிக்காவில் 1996-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது, ஸ்கோர் சரிசெய்கிற நிறுவனம் வேலையை முடிக்காமல் காசு வாங்கக் கூடாது, கையெழுத்துப் போட்டு மூன்று வேலைநாளுக்குள் ரத்து செய்யலாம் என்று. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் போனது லாபநோக்கமில்லாத ஒரு கடன் ஆலோசனை மையம். முதல் நாள் ஒன்றரை மணி நேரம், காசைப் பற்றிப் பேச்சே இல்லை. சம்பளச் சீட்டு, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வாங்கி, அந்த அம்மா பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார், பயன்படுத்தாத இரண்டு மொபைல் ஆப்களுக்கு மாதாமாதம் பணம் போவதை அப்போதுதான் கவனித்தேன். அசலை முழுதாகக் கட்ட வேண்டும், வட்டியை மட்டும் குறைக்கக் கேட்போம், நாலு வருஷம் ஆகும் என்றார். பிடிக்காத பதில்தான், ஆனால் அது ஒன்றுதான் நடந்தது. லாபநோக்கமில்லை என்று போர்டு இருந்தாலே நம்பிவிடவும் வேண்டாம், கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள்.

ஒருவேளை செட்டில்மென்டுக்கே (முழுதாகக் கட்டாமல் ஒரு பகுதிக்குக் கடனை முடிப்பது) போனால் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் விழும், முழுதாகக் கட்டி முடித்தது என்று வராது, அடுத்து கடன் கொடுக்கிறவன் அந்தச் சொல்லைத்தான் பார்ப்பான்.

ஒருவரி:
எல்லாவற்றையும் ஒரே கடனாக்குகிறோம் என்று வீட்டுப் பத்திரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கார்டுக் கடனுக்கு வீடு அடமானம் இல்லை என்று இருந்ததை நீங்களே மாற்றிக்கொள்வீர்கள். நான் மாற்றிக்கொண்டேன், காலியான கார்டை மறுபடி தேய்க்கவும் செய்தேன்.

தூக்கம்போனவன்:
எல்லோருக்கும் நன்றி. அந்த விளம்பர ஆட்களுக்கு போன் போட்டு, வங்கி வழக்குப் போட்டால் யார் பதில் சொல்வது, கட்டணத்தை மெயிலில் அனுப்ப முடியுமா என்று இரண்டே கேள்வி கேட்டேன். சலுகை இன்றோடு முடிகிறது சார் என்றார், மெயில் வரவே இல்லை. வசூலில் இருந்த அண்ணா சொன்னபடி முதல் கார்டு வங்கியைக் கூப்பிட்டேன், நாற்பது நிமிஷம் இசை கேட்டபிறகு ஒரு பெண் எடுத்தார். வேலைநீக்கக் கடிதமும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதம் பீரோவில் மனைவியின் ஃபைலுக்குள் இருந்தது, அதனால் நேற்று ராத்திரி அவளிடமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மற்ற இரண்டு கார்டும் வேறு வங்கி, அங்கே இன்னும் லைன் கிடைக்கவில்லை.