ஊர் முதலில் வர வேண்டுமா, ரயில் முதலில் வர வேண்டுமா? சிங்கப்பூர் சுரங்க ரயில் பற்றி ஒரு வாதம்

ஹவ்காங்வாசி:
குறுக்குத் தீவுப் பாதை என்ற புதிய சுரங்க ரயில் பாதைக்காக எங்கள் பக்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 2030-ல் திறப்பதாகத் திட்டம். அக்கம்பக்கத்தில் பலர், "இருக்கிற ரயில் போதாதா, இன்னும் எதற்கு?" என்கிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ரயில் விஷயத்தில் சிங்கப்பூர் அவசரப்பட்டுக் கெட்டதில்லை, தாமதித்துத்தான் இழந்தது. 1967-லிருந்து 1971 வரை நடந்த நகரத் திட்ட ஆய்விலேயே ரயில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முடிவெடுத்தது 1982-ல். முதல் வண்டி ஓடியது 1987 நவம்பர் 7 அன்று, இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை, ஐந்தே நிலையங்கள். எங்கள் வடகிழக்குக்கு? எண்பதுகளிலேயே பேசினார்கள். ஆள் போதாது என்று ஒத்திப்போட்டார்கள். ரயில் வந்தது 2003 ஜூனில். அதுவரை என் அம்மா விடியற்காலைப் பேருந்தில் நின்றுகொண்டேதான் வேலைக்குப் போனார்.

தேக்கா தாத்தா:
தம்பி, அம்மா பட்ட பாடு எனக்கும் தெரியும், நானும் அந்தப் பேருந்துகளில் போனவன்தான். ஆனால் அன்றைய கணக்கையும் பாருங்கள். முதல் ரயில் திட்டத்துக்கு 500 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)! நாடு அதுவரை அவ்வளவு பெரிய கட்டுமானத்தில் இறங்கியதே இல்லை. 1980-ல் வந்த ஹார்வர்டு பல்கலைக்கழக நிபுணர் குழு பேருந்தே போதும் என்றது. துணைப் பிரதமர் கோ கெங் சுவீக்கும் ரயிலில் நம்பிக்கை இல்லை. தொடர்புத் துறை அமைச்சர் ஓங் தெங் சியோங் விடாமல் ரயில் பக்கம் நின்றார். தொலைக்காட்சியில் வாதம் நடந்தது, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அப்புறம் இன்னொரு ஆய்வு நடத்தி, பேருந்தை மட்டும் நம்பினால் நகர மையத்தில் சாலை போதாது என்று கண்ட பிறகுதான் துணிந்தார்கள். அதை நான் தாமதம் என்று சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பாதைக்கு 460 கோடி செலவிட்டு, 16 நிலையங்களில் புவாங்கோக்கையும் உட்லீயையும் ஆள் போதாது என்று பூட்டி வைத்தார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செங்காங் மலர்:
ஐயா, புவாங்கோக் பற்றி நான் சொல்கிறேன், அதன் பக்கத்தில்தான் குடியிருந்தேன். 2005 ஆகஸ்ட்டில் அமைச்சர் வந்த அன்று, அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகள் அங்கே நின்றன. பெரும் செலவில் கட்டி வீணாகக் கிடப்பதைத்தான் வெள்ளை யானை என்பார்கள். நிலையத்தைக் கட்டியதற்கு யாரும் கோபப்படவில்லை. கட்டிய நிலையத்தைத் திறக்காமல் வைத்ததற்குத்தான் கோபம். ரயில் எங்கள் காலடியில் நிற்காமல் போகும், நாங்கள் அடுத்த நிலையத்துக்குப் பேருந்து பிடிப்போம். 2006 ஜனவரியில் திறந்தார்கள். உட்லீ 2011 வரை காத்திருந்தது. அதை ஒட்டி இருந்தது பிடாதாரி இடுகாடு. கல்லறைகளை அகற்றிய நிலத்தில் பின்னால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் எழும்பின. அங்கே குடிவந்தவர்கள் முதல் நாளே ரயிலில் வேலைக்குப் போனார்கள். நாங்கள் பட்ட அலைச்சல் அவர்களுக்கு இல்லை. முன்கூட்டிக் கட்டியதன் பலன் அது.

சுரங்கப்பணி:
ஊர் பட்டுக்கோட்டை. டௌன்டவுன் பாதையில் சில வருடம் வேலை பார்த்தேன். மேலே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று: பின்னால் வரும் பாதை, முன்னால் வந்த பாதைகளையும் கட்டடங்களின் அடித்தளங்களையும் தாண்டித்தான் வழி தேட வேண்டும். 2017-ல் திறந்த பென்கூலன் நிலையம் சாலையிலிருந்து 43 மீட்டர் கீழே இருக்கிறது. ஆழம் கூடக் கூட மண்ணும் நீரும் நெருக்கும், செலவும் ஏறும். அதனால் நான் ஹவ்காங் தம்பி பக்கம்தான், அடுத்த பாதைக்கான இடத்தை இப்போதே விட்டுவைக்க வேண்டும். ஆனால் அவசரம் வேண்டாம். 2004 ஏப்ரல் 20-ஐ மறக்க முடியாது. வட்டப் பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலை அருகே தோண்டிய குழி சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அங்கே மண் குழைவான கடற்களிமண். தாங்குசுவரைப் பிடித்திருந்த எஃகு உத்திரங்களின் இணைப்புகள் பாரம் தாங்கவில்லை. எச்சரிக்கை அறிகுறிகள் முன்பே தெரிந்தன என்றது விசாரணைக் குழு. பிறகு நிலையத்தையே இடம் மாற்றிக் கட்டினார்கள்.

தேக்கா தாத்தா:
நான் அஞ்சுவதும் இதற்குத்தான். இன்னொன்றும் சொல்கிறேன். 2011 டிசம்பரில் இரண்டு நாள் இடைவெளியில் வடக்கு–தெற்குப் பாதை இரண்டு முறை நின்றுபோனது. முதல் முறை மட்டும் ஒரு லட்சத்து 27 ஆயிரம் பேர் தவித்தார்கள். பராமரிப்புக் குறை என்று விசாரணையில் தெரிந்தது. புதுப்பாதைக்குத் தரும் கவனத்தைப் பழைய தண்டவாளத்துக்கும் தர வேண்டாமா?

ஹவ்காங்வாசி:
தர வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அன்று அவ்வளவு பேர் தவித்ததற்கு இன்னொரு காரணம், பலருக்கு வேறு ரயிலே இல்லாதது. வட்டப் பாதை அந்த அக்டோபரில்தான் ஹார்பர்ஃபிரண்ட் வரை நீண்டிருந்தது. டௌன்டவுனும் தாம்சனும் வரவே இல்லை. இன்று ஒரு பாதை நின்றால் பல இடங்களில் இன்னொன்றில் ஏறிவிடலாம். புக்கிட் தீமாவின் பெரும்பகுதிக்கு 2015 வரை சுரங்க ரயிலே கிடையாது, யோசித்துப் பாருங்கள்.

தேக்கா தாத்தா:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். தேக்காவிலேயே இரண்டாவது பாதை வந்த பிறகு என் மகள் வீட்டுக்குப் போவது எளிதாகிவிட்டது. ஆனால் புக்கிட் பிரவுனில் வட்டப் பாதையோடு நிலையக் கூட்டைக் கட்டி இன்னும் மூடியே வைத்திருக்கிறார்களே. அருகே ஆயிரக்கணக்கான பழைய சீனக் கல்லறைகள். அங்கேயும் வீடு வர வேண்டும் என்கிறீர்களா?

செங்காங் மலர்:
அங்கே வேண்டாம் ஐயா. அந்த நிலையம் மூடியே இருக்கட்டும்.