பனியில் குரங்கு பார்க்க: ஜப்பானா, நம் இமயமா?

மயூர்விஹார்_அப்பா: டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு ஜப்பான், நாகானோ பக்கம் ஜிகோகுதானி குரங்குப் பூங்காவுக்குப் போக ஆசை. 850 மீட்டர் உயரத்தில், கொட்டும் பனிக்கு நடுவே, வெந்நீர் ஊற்றில் பனிக்குரங்குகள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். டெல்லிப் பிள்ளைகளுக்குக் குரங்கு என்றால் தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்குகிற பிராணி, அவ்வளவுதான். அதன் வேறு முகத்தையும் பார்க்கட்டும். போனவர்கள் சொல்லுங்கள்.

முனிர்கா_மாணவி: அண்ணா, போக வேண்டாம் என்பேன். அங்கே ஊழியர்கள் தீனி போடுகிறார்கள். அதற்காகத்தான் கூட்டம் தினமும் இறங்கி வருகிறது. காட்டில் அதே குரங்கு குளிர்காலம் முழுக்க மரப்பட்டையும் மொட்டும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். குளிர்நாட்டுக் குரங்கின் நிஜ வாழ்க்கை அதுதான். தீனி போட்டால் குரங்கு எப்படிப் பையைப் பிடுங்கும் என்று நம் டெல்லி ரிட்ஜ் ரோட்டில் செவ்வாய்க்கிழமை வாழைப்பழம் கொடுக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள்.

மயூர்விஹார்_அப்பா: இரண்டும் ஒன்றில்லை, அம்மா. அங்கே பார்வையாளர் எதையும் கொடுக்கக் கூடாது. அதனால் பையைப் பிடுங்குகிற பழக்கமும் வரவில்லை. குளியலும் காட்சிக்காக இல்லை. குளிக்கும் பெண் குரங்குகளிடம் மன அழுத்த ஹார்மோன் குறைவதை கியோட்டோ பல்கலைக்கழகத்தார் 2018இல் காட்டினார்கள்.

முனிர்கா_மாணவி: சரி, பிடுங்குவதைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கூட்டம் எப்போது எங்கே போக வேண்டும் என்பதைத் தீனி முடிவு செய்கிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்? போன பிப்ரவரியில் உத்தராகண்டில் சோப்தாவுக்குக் கீழே மண்டல் பள்ளத்தாக்கில் மூன்று நாள் காத்திருந்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் கருவாலி மரத்திலிருந்து பொலபொலவென்று பனி உதிர்ந்தது. நிமிர்ந்தால் இமயமலை லங்கூர்கள்! கறுத்த முகம், அதைச் சுற்றி அடர்ந்த வெள்ளை முடி. குட்டியை வயிற்றோடு அணைத்தபடி தாய்கள் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. தளிர் ஒன்றுகூடக் கிடையாது, முற்றிய இலையைத்தான் மென்றன. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்காகவே இன்னும் பத்து முறை போவேன்.

கரோல்பாக்_தாத்தா: எனக்கு 71 வயது, முழங்கால் போய்விட்டது. மூன்று நாள் பனியில் காத்திருக்க முடிந்தவர்கள்தான் பார்க்கலாம் என்றால் நாங்களெல்லாம் என்ன செய்வது? பூங்கா இருக்கட்டும்.

முனிர்கா_மாணவி: தாத்தா, மண்டல் வரை வண்டி போகும். சாலையோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்க்கலாம். காத்திருப்பதை மட்டும் தவிர்க்க முடியாது.

மயூர்விஹார்_அப்பா: ஜப்பான் எண்ணத்தை நான் விடவில்லை. ஆனால் முதலில் மண்டல். ஆறு வயதுப் பெண் குளிரைத் தாங்குவாளா?

முனிர்கா_மாணவி: மார்ச் முதல் வாரம் வாருங்கள், குளிர் கொஞ்சம் தணிந்திருக்கும். பிஸ்கட்டை மட்டும் வண்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.