கிராக் வந்தால் கேம் விற்பனை விழுமா?

அண்ணைமார், கேமைக் களவாகப் பிரதி எடுக்க விடாத டெனுவோ மாதிரி மென்பொருள் பூட்டுகளால் (அதை உடைத்த பிரதிதான் கிராக்) விற்பனை உண்மையிலேயே கூடுகிறதா? யாழ்ப்பாண டவுனில் பென்டிரைவைக் கொடுத்தால் கேமை ஏற்றித் தருகிறார்கள், அந்தப் பெடியள் டொலர் விலைக்கு எப்படியும் வாங்கப் போவதில்லை.

பதில்: தம்பி, தொடக்கத்தில் மட்டும்தான். 2014 முதல் 2022 வரை ஸ்டீம் என்ற இணையக் கடையில் வந்த 86 டெனுவோ கேம்களை ஆராய்ந்திருக்கிறார்கள். கேம் வெளியான உடனே கிராக் வந்தால் வருமானத்தில் சராசரியாக 20% போகிறது, 12 கிழமை தாண்டினால் நட்டம் அநேகமாக இல்லை. அதற்குப் பிறகும் பூட்டை வைத்திருப்பது காசு கொடுத்தவனுக்குச் செய்யும் அநியாயம்.

பதில்: விட்சர் 3 கேம் ஜிஓஜி என்ற இணையக் கடையில் 2015இல் பூட்டே இல்லாமல் வந்தது, எல்லா இடத்திலும் சேர்த்து விற்பனை 5 கோடி பிரதி தாண்டிவிட்டது. நல்ல கேமுக்குச் சனம் காசு கொடுக்கும்.

கேட்டவர்: சரி அண்ணை, அப்ப கேம் கொம்பனியே பூட்டைக் கழற்றும் வரை பொறுத்திருந்து, விலை குறையும்போதே வாங்குகிறேன்.