புதுப்பிப்பு: கொடைக்கானலில் கண்ணுக்குத் தெரியாத கீற்று மேகங்களை அளப்பது

லிடார் (லேசர் ஒளியை மேலே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும் கருவி) வைத்து மெல்லிய கீற்று மேகங்களை அளப்பது பற்றி முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். மேகத்துக்குக் கீழும் மேலும் வரும் சிக்னலை ஒப்பிட்டு ஒளியியல் தடிமனை (மேகம் ஒளியை எவ்வளவு குறைக்கிறது என்ற அளவு) கணக்கிடச் சொல்லியிருந்தோம். தடிமன் 0.02 என்றால் அது சரிவராது. போய்வரும் ஒளி 4 சதவீதம்தான் குறையும், 16 கி.மீ. உயரத்தில் இரைச்சலே அதைவிட அதிகமாகிவிடும். பின்சிதறலை, அதாவது மேகம் கருவியை நோக்கித் திருப்பிச் சிதறும் ஒளியை, மேகத்தின் அடி முதல் உச்சி வரை கூட்டி, லிடார் விகிதம் (ஒளி குறைவதற்கும் பின்சிதறலுக்கும் உள்ள விகிதம்) 25 ஸ்டெரேடியனால் பெருக்குங்கள். அந்த 25-ம் அனுமானம்தான். 20, 30 வைத்தும் போட்டுப் பாருங்கள்.

பலர் கோட்டை விடும் இடம்: கருவி தருவது தூரம். அதோடு மலையின் உயரம் 2.3 கி.மீ. கூட்டாவிட்டால் 16-ல் இருக்கும் மேகம் 13.7-ல் நிற்கும்.

மஞ்சு இறங்கிய இரவில் அளக்கவே வேண்டாம். கிட்டத்திலிருந்து திரும்பும் வெளிச்சத்தில் ஃபோட்டோமல்டிப்ளையர் (ஒளியை மின்சிக்னலாக்கும் உணரி) திணறி, அந்தச் சிக்னலின் வால் நீண்டு மெல்லிய மேகத்தை விழுங்கிவிடும். கருவியின் ஜன்னல் கண்ணாடியில் துளி கோத்திருக்கிறதா என்று மணிக்கொருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.